எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாள்

தியாகராஜ ஆராதனை நடக்காத ஊரே இப்போது அமெரிக்காவில் கிடையாது போலிருக்கிறது. ஜனவரி பிறந்தால் போதும், வாட்ஸப் குழுக்களில் தேதி கேட்டு ஆரம்பித்துவிடுவார்கள். கோயில் அரங்கம் கிடைத்தால் கோயில், இல்லாவிட்டால் பள்ளிக்கூட ஆடிட்டோரியம், அதுவும் இல்லாவிட்டால் யாராவது ஒருவர் வீட்டு பேஸ்மென்ட். பட்டுப்பாவாடைக்கு மேலே ஸ்வெட்டர் போட்ட குழந்தைகள், ஐபேடில் நொட்டேஷன் வைத்துக்கொண்டு பாடும் பெரியவர்கள், நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று வரிசையாக ஐந்து, பின்னாடியே புளியோதரையும் தயிர்சாதமும். கிளீவ்லாந்தில் 1978இல் சின்னதாக ஆரம்பித்த விழாவுக்கு இன்று ஈஸ்டர் சமயத்தில் எங்கெங்கிருந்தோ குடும்பம் குடும்பமாகக் கார் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். எங்கள் ராலேயிலிருந்தும் வருஷா வருஷம் இரண்டு மூன்று கார்கள் கிளம்பும்.

இவ்வளவுக்கும் மூலம் திருவையாறு. காவிரிக்கரையில் தியாகராஜருடைய சமாதி. ஆராதனை நேரடி ஒளிபரப்பை யூட்யூபில் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்துக்கு நேரில் போனவர்கள் இன்னொன்றையும் பார்த்திருக்கலாம். சமாதிக்கு எதிரே ஒரு சிலை. புடவை கட்டிய ஓர் அம்மாள், தியாகராஜரைப் பார்த்தபடி, கைகூப்பி உட்கார்ந்திருக்கிறார். பெங்களூர் நாகரத்தினம்மாள். அதுதான் அவருடைய சமாதியும்.

இந்த மாதப் பத்தி அவரைப் பற்றி. அவர் தோண்டி எடுத்த இன்னொரு பெண்ணைப் பற்றியும்.

நாகரத்தினம்மாள் பிறந்தது 1878இல், மைசூர் பக்கம் நஞ்சன்கூட்டில். அம்மா புட்டலட்சுமி தேவதாசி மரபைச் சேர்ந்தவர். அப்பா ஒரு வக்கீல்; குழந்தை சின்னதாக இருக்கும்போதே விலகிப் போய்விட்டார். அம்மா மகளுக்கு சமஸ்கிருதம், இசை, நாட்டியம் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். பெண் வளர்ந்து சென்னைக்கு வந்து, ஜார்ஜ் டவுனில் வீடு வாங்கி, மேடையிலும் கிராமபோன் தட்டிலும் பெயர் வாங்கினார். சென்னையில் வருமான வரி கட்டிய முதல் பெண் கலைஞர் அவர்தான் என்று சொல்வார்கள். மாதச் சம்பளத்தில் வரி பிடிக்கும்போது முகம் சுளிக்கிற எனக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடித்தது. ஒரு பெண்ணின் வருமானத்தை அரசாங்கம் கணக்கில் எடுத்தது என்றால் அது எவ்வளவு இருந்திருக்கும்!

அந்தக் காலத்து இசைத்தட்டுகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிராமபோன் கம்பெனிக்காரர்கள் தென்னிந்தியாவுக்கு வந்தபோது பெரிய வித்வான்கள் பலர் தயங்கினார்கள். தயங்காமல் போய்ப் பாடியவர்களில் தேவதாசி மரபுப் பெண்கள் நிறையப் பேர். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி என்று அந்தப் பெயர்களே ஊர்ப் பெயரோடுதான் வரும். தாயியின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்டு மயங்கிய பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் தெலாஜ், அதைக் குரலுக்கும் பியானோவுக்குமாக மாற்றி 'ராகமாலிகா' என்று ஒரு படைப்பு எழுதினார். இது 1910களில். பியானோவின் ஒரு தந்தியை அட்டையால் அமுக்கி ஒலியை மாற்றச் சொல்லியிருக்கிறார் அதில். மேற்கத்திய இசையில் அப்படிச் செய்ததற்கு மிக முந்தைய உதாரணங்களில் அது ஒன்று என்கிறார்கள். பாரிஸில் பியானோ வாசித்தவர்களுக்குத் தாயியின் பாட்டு போய்ச் சேர்ந்துவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் அவர் பெயர் வந்து சேரவில்லை.

நாகரத்தினம்மாளுக்கு வருகிறேன்.

பாட்டு மட்டும் அல்ல, படிப்பும் அவருக்கு இருந்தது. தெலுங்கு இலக்கியம் படித்துக்கொண்டிருந்தபோது 'ராதிகா சாந்த்வனம்' என்ற காவியத்தின் பெயர் அவர் கண்ணில் பட்டது. எழுதியவர் முத்துப்பழனி. பெயரைப் பார்த்தாலே தெரிகிறது, தமிழ் மண்ணின் பெயர். 18ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் அவையில் இருந்த தேவதாசிக் கவிஞர். அப்போது தஞ்சாவூர் அரண்மனையில் மன்னர் வீட்டு மொழி மராட்டி, இலக்கிய மொழி தெலுங்கு, ஊர் மொழி தமிழ். ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் கொடுத்தவரும் இந்த முத்துப்பழனிதான் என்று சொன்னால், மார்கழியில் பிள்ளைகளை எழுப்பித் திருப்பாவை சொல்ல வைக்கும் நம்மில் சிலர் நிமிர்ந்து உட்காருவோம்.

காவியத்தின் கதை இது. ராதை, இளா என்ற சின்னப் பெண்ணை வளர்த்து, அவளைக் கிருஷ்ணனுக்கே கல்யாணம் செய்து கொடுக்கிறாள். இருவருக்கும் புத்திமதியும் சொல்லி அனுப்புகிறாள். அனுப்பிய பிறகுதான் அவளுக்குத் தன் மனசு தெரிகிறது. பொறாமை, கோபம், தனிமை. கடைசியில் கிருஷ்ணன் வந்து அவளைச் சமாதானம் செய்ய வேண்டியிருக்கிறது. தலைப்பிலேயே அது இருக்கிறது. சாந்த்வனம் என்றால் சமாதானப்படுத்துவது. 584 பாடல்கள். சிருங்கார காவியம்தான், ஒளிவு மறைவு கிடையாது. தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் ஆண்கள் எழுதிய சிருங்காரத்துக்குப் பஞ்சமே இல்லை. இதில் வித்தியாசம் என்னவென்றால், ஆசைப்படுவதும் கோபிப்பதும் கடைசியில் சமாதானம் கேட்டு வாங்குவதும் பெண். அதிலும் கொஞ்சம் வயதான பெண்.

நாகரத்தினம்மாள் அரும்பாடுபட்டு அச்சுப் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்தார். 1887இல் வந்த பதிப்பு. பதிப்பித்தவர், தெலுங்குக்காக உழைத்த ஆங்கிலேயர் சி.பி. பிரவுனிடம் வேலை பார்த்த பண்டிதர் வெங்கடநரசு. பிறகு ஒரு கையெழுத்துப் பிரதியும் நாகரத்தினம்மாள் கைக்குக் கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். எங்கள் தொழிலில் இதற்கு 'டிஃப்' என்று பெயர். இரண்டு கோப்புகளைக் கொடுத்தால் எந்த வரி போயிருக்கிறது, எது மாறியிருக்கிறது என்று சிவப்பும் பச்சையுமாகக் காட்டிவிடும். நாகரத்தினம்மாள் அதைக் கண்ணால் செய்தார்.

போயிருந்தது என்ன தெரியுமா? சில பாடல்கள் போயிருந்தன. சரி, ஆபாசம் என்று எடுத்திருப்பார்கள் என்று நினைக்கலாம். ஆனால் கூடவே முன்னுரைப் பகுதியும் போயிருந்தது. காவியத்தின் தொடக்கத்தில் முத்துப்பழனி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பகுதி அது. அந்தக் காலத்துக் காவியங்களில் கவிஞர் தன் பரம்பரையைச் சொல்வது வழக்கம்; ஆண்கள் தாத்தா, அப்பா என்று தொடர்ந்து போவார்கள். முத்துப்பழனி தன் பாட்டி தஞ்சநாயகியைச் சொல்கிறார். வீட்டுப் பெண்களைச் சொல்கிறார். தன் படிப்பை, தன் பெருமையை, மற்ற கவிஞர்கள் தனக்குத் தங்கள் நூல்களை அர்ப்பணித்ததை எல்லாம் கூச்சமில்லாமல் சொல்கிறார்.

அந்தப் பகுதியில் சிருங்காரம் கிடையாது. ஒரு பெண் தான் யார் என்று சொல்கிறாள், அவ்வளவுதான். அதைத்தான் வெட்டியிருக்கிறார்கள். வரலாற்றில் பெண்களை 'மறந்துவிட்டார்கள்' என்று நாம் சொல்கிறோமே, அந்த வார்த்தை எனக்கு எப்போதும் உறுத்தும். மறதி என்றால் யாருமே எதுவும் செய்யவில்லை, தானாக நடந்தது என்று ஆகிவிடுகிறது. இங்கே ஒருவர் மேஜையில் உட்கார்ந்து, பேனா எடுத்து, இந்தப் பக்கம் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார். புத்தகம் இருக்கிறது, கதை இருக்கிறது, எழுதியவளின் வீடு வாசல் மட்டும் இல்லை.

நாகரத்தினம்மாள் விடுபட்டதை எல்லாம் சேர்த்து, சென்னையின் பெரிய தெலுங்குப் பதிப்பகமான வாவிள்ள ராமசுவாமி சாஸ்திரிகள் நிறுவனத்தின் மூலம் 1910இல் முழுப் பதிப்பைக் கொண்டுவந்தார். தானே ஒரு முன்னுரையும் எழுதினார். அந்த முன்னுரைக்காகவே அவரை இலக்கிய வரலாற்றில் சேர்க்கலாம் என்பது என் கட்சி.

ஏனென்றால் அதில் அவர் மோதியது சாதாரண ஆளோடு இல்லை. கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு. விதவை மறுமணத்துக்காகப் போராடியவர், பெண் கல்விக்காக உழைத்தவர், நவீனத் தெலுங்கு உரைநடையின் தந்தை என்று கொண்டாடப்படுபவர். அவர் எழுதிய தெலுங்குக் கவிஞர்களின் வரலாற்றில் முத்துப்பழனியை மிகக் கேவலமாகச் சொல்லியிருந்தார். பெண் பிறவி இப்படியெல்லாம் எழுதலாமா என்ற தோரணை. நாகரத்தினம்மாள் நிதானமாகக் கேட்டார்: வெட்கம் என்பது பெண்களுக்கு மட்டும்தானா, ஆண்களுக்குக் கிடையாதா? இதைவிடப் பச்சையாக ஆண்கள் எழுதிய காவியங்கள் இருக்கின்றனவே, அதில் ஒன்றை நீங்களே பார்த்து அச்சுக்குச் சரி என்று சொல்லியிருக்கிறீர்களே, அது எப்படி? என்று நூலின் பெயரையும் சொல்லிக் கேட்டார். 'வைஜயந்தி விலாசம்' என்பது அந்த நூல். முப்பது வயதைத் தாண்டிய ஒரு பாடகி, ஊரே மதிக்கும் சீர்திருத்தவாதியை, அச்சில், பெயர் சொல்லி.

எனக்கு வீரேசலிங்கத்தின் மேல் மரியாதை குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விதவைகளுக்காக அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் அவர் மனதில் இருந்த 'காப்பாற்றப்பட வேண்டிய பெண்' என்ற படத்தில் முத்துப்பழனிக்கு இடமில்லை. அவள் காப்பாற்றச் சொல்லவே இல்லையே. இந்த மாதிரி நல்லவர்களை இன்றைக்கும் ஆபீஸில், அசோசியேஷனில் பார்க்கிறோம்.

அடுத்து போலீஸ் வந்தது. 1911இல் புத்தகம் ஆபாசம் என்று புகார் போய், பிரதிகள் பறிமுதல் செய்யப்பட்டன. பதிப்பாளரும் பண்டிதர்களும் அரசுக்கு மனு எழுதிப் பார்த்தார்கள். பலனில்லை. தடை நீங்க 1947 ஆயிற்று. சென்னை மாகாணப் பிரதமராக இருந்த தங்குடூரி பிரகாசம் காலத்தில் நீங்கியது. மறுபதிப்பு 1952இல். நாகரத்தினம்மாள் காலமானதும் அதே 1952இல்தான், மே மாதம். முழு காவியத்தையும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டுமென்றால் 2011இல் வந்த மொழிபெயர்ப்பு இருக்கிறது. பெரியவர்களுக்கான புத்தகம், குழந்தைகள் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.

புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்ட பிறகு ஒருவர் என்ன செய்வார்? நானாக இருந்தால் சோர்ந்துபோய் உட்கார்ந்திருப்பேன். நாகரத்தினம்மாள் பாடிச் சம்பாதித்துக்கொண்டே இருந்தார். பத்து வருஷம் கழித்து, மைசூர் இசைக்கலைஞர் பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. திருவையாற்றுக்குப் போயிருந்தேன், தியாகராஜர் சமாதி கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று. தியாகராஜர் மறைந்தது 1847இல். சீடர்கள் எழுப்பிய சின்ன பிருந்தாவனம், நடுவில் ஒரு தடவை பழுது பார்த்தும், மறுபடி புதரும் குப்பையுமாக ஆகியிருந்தது. வேடிக்கை என்னவென்றால் ஆராதனை அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது. ஒன்றுக்கு இரண்டாக. பாகவதர்களுக்குள் சண்டை வந்து பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து, போட்டி போட்டுக்கொண்டு நடத்தினார்கள். யார் நடத்துவது என்பதில் இருந்த அக்கறை, சமாதி எந்த நிலையில் இருக்கிறது என்பதில் இல்லை. ஒரே ஊரில் மூன்று தமிழ்ச் சங்கம் வைத்திருக்கும் நமக்கு இதெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நாகரத்தினம்மாள் தன் சொந்தப் பணத்தை எடுத்தார், நகைகளையும் விற்றார். சமாதியைச் சுற்றியிருந்த நிலத்தைப் பெற்றார், 1921இல் வேலையை ஆரம்பித்தார். கோயில் எழுந்தது, தியாகராஜர் விக்கிரகம் செய்து வைத்தார், 1925 ஜனவரியில் கும்பாபிஷேகம் நடந்தது. இன்று டிவியில் நாம் பார்க்கும் அந்தச் சன்னதி அவர் கட்டியது.

கட்டி முடித்தவருக்கு அங்கே பாட இடமில்லை. கோயிலைக் கட்டலாம், விளக்குக்கு எண்ணெய் கொடுக்கலாம், ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது. பெரிய கட்சி, சின்னக் கட்சி இரண்டும் மற்ற எல்லாவற்றிலும் அடித்துக்கொண்டாலும் இதில் மட்டும் ஒற்றுமை. பெண்கள் என்று பொதுவாகச் சொன்னாலும், அன்றைக்கு மேடையேறிப் பாடிய பெண்கள் யார்? ஏறக்குறைய எல்லோரும் தேவதாசி மரபினர். ஆக, பெண் என்ற கதவும் சாதி என்ற கதவும் ஒன்றாகச் சாத்தப்பட்டிருந்தன.

அவர் வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1920களின் பிற்பகுதியில் சன்னதிக்குப் பின்புறம் தனியாகத் தன் ஆராதனையை ஆரம்பித்துவிட்டார். பெண்கள் வந்து பாடினார்கள். ஊரில் அதற்குப் 'பொம்பளைக் கட்சி' என்று பெயர் வைத்தார்கள். கேலியாக வைத்த பெயர்தான், நிலைத்துவிட்டது. முன்னால் ஆண்கள் இரண்டு கட்சி, பின்னால் பெண்கள் ஒரு கட்சி, நடுவில் தியாகராஜர். கடைசியில் 1940-41 வாக்கில், ஐ.சி.எஸ். அதிகாரி எஸ்.ஒய். கிருஷ்ணசாமி போன்றவர்கள் நடுவில் நின்று பேசி, மூன்று கட்சியும் ஒன்றாயின. பெண்களும் முன்னால் வந்து பாடினார்கள். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்தினத்தைச் சேர்ந்து பாடுகிற பழக்கம் வேரூன்றியதும் அந்த 1940களில்தான். நம் பேஸ்மென்ட்டில் நாம் செய்வது அந்த ஒன்றுபட்ட ஆராதனையின் நகல். அதாவது பொம்பளைக் கட்சி இல்லாவிட்டால், நம் வீட்டுப் பெண் குழந்தைகள் அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பது இவ்வளவு சாதாரணமாக இருந்திருக்காது.

இதற்குள் வேறொரு சண்டையும் நடந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு அவர் கதையைச் சொன்னால் நானும் பக்கத்தை வெட்டியவளாவேன். 1927 முதல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அவருடைய அம்மாவே அந்த மரபில் பிறந்தவர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அந்த மரபிலிருந்து வந்து, அந்த முறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசி, 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலையும் எழுதினார். சின்னப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதில் இருந்த கொடுமை அவர்களுக்கு உள்ளிருந்து தெரியும். நாகரத்தினம்மாள் எதிர்ப் பக்கம் நின்றார். தடைச் சட்டம் வேண்டாம் என்று அரசுக்கு மனு கொடுத்த தேவதாசிப் பெண்களில் அவரும் ஒருவர். எங்கள் பெண்கள் படித்தவர்கள், சொத்து வைத்துக்கொள்ளும் உரிமை உள்ளவர்கள், கலையைக் காத்தவர்கள். எங்களையெல்லாம் ஒரே வார்த்தையில் விபச்சாரிகள் என்று சட்டம் எழுதாதீர்கள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

சட்டம் 1947இல் முழுமையாக வந்தது. முத்துப்பழனியின் புத்தகத்துக்குத் தடை நீங்கிய அதே வருஷம். பொட்டுக்கட்டுவது ஒழிந்தது நல்லது, அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது. ஆனால் முறையை ஒழித்த கையோடு அந்தப் பெண்கள் கட்டிக்காத்த பாட்டையும் ஆட்டத்தையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டு, அவர்களை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். வீணை தனம்மாள் போல, அவர் பேத்தி பாலசரஸ்வதி போல ஒரு சிலரைத்தான் பெயர் சொல்லி அழைத்துப்போனார்கள். வாரம் ஐம்பது அறுபது டாலர் கொடுத்து நம் பெண்களுக்கு நாட்டியம் சொல்லிக்கொடுக்கிறோமே, அது யார் வீட்டிலிருந்து வந்தது என்று எந்த அரங்கேற்ற அழைப்பிதழிலும் நான் பார்த்ததில்லை. 'ஆயிரமாண்டுக் கோயில் கலை' என்று இருக்கும். கோயிலில் யார் ஆடினார்கள்?

இந்த வருஷம் எங்கள் ஊர் ஆராதனைக்கு நிகழ்ச்சிக் குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு பக்கம், இரு புறமும் அச்சு. தியாகராஜர் வரலாறு, பாடுபவர்கள் பெயர், ஸ்பான்சர்களுக்கு நன்றி. அதில் நாகரத்தினம்மாளுக்கு நான்கு வரி எழுதி, 'தேவதாசி மரபில் பிறந்த பாடகி, பதிப்பாசிரியர்' என்று ஆரம்பித்து அனுப்பினேன். குழுவில் மூத்தவர், நாங்கள் எல்லோரும் அங்கிள் என்று கூப்பிடுபவர், அன்றிரவே போன் செய்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கேம்மா. அந்த ஒரு வார்த்தை மட்டும் வேண்டாமே. குழந்தைங்க படிப்பாங்க. 'பரம பக்தை'ன்னு போட்டுடு. அவங்க பக்தைதானே?"

பக்தைதான். அதில் பொய் இல்லை. தன் வாழ்நாள் சம்பாத்தியத்தைத் தியாகராஜருக்குக் கொடுத்தவர் பக்தை இல்லாமல் வேறு யார்? ஆனால் அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டால், மற்ற எதற்கும் காரணம் இல்லாமல் போய்விடுகிறது. ஏன் அவர் முத்துப்பழனியைத் தேடினார்? ஏன் பின்னால் உட்கார்ந்து பாடினார்? பணக்காரப் பக்தை ஒருவர் கோயில் கட்டினார் என்று முடிந்துவிடும். 1887 பதிப்பிலும் இதேதானே நடந்தது, கதையை வைத்துக்கொண்டு எழுதியவள் யார் என்பதை மட்டும் எடுத்தார்கள் என்று அங்கிளிடம் சொன்னேன். அவருக்கு முத்துப்பழனி யார் என்று சொல்லப்போய், போன் பேச்சு ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது என்ற அவர் கேள்வி நியாயமானதுதான். என் மகளுக்குப் பத்து வயது. நான் சொன்னது இவ்வளவுதான்: "கோயிலுக்குன்னே வாழ்க்கையைக் கொடுத்த பெண்கள் இருந்தாங்க. மத்த வீட்டுப் பெண்களைப் படிக்கவே விடாத காலத்துல அவங்க படிச்சாங்க, பாடினாங்க, எழுதினாங்க. சின்ன வயசுலயே அவங்களைக் கேக்காம அப்படி ஆக்கினது தப்பு. அதனால சட்டம் போட்டு நிறுத்தினாங்க. ஆனா அவங்களை மரியாதை இல்லாம நடத்தினதும் தப்பு." மிச்சத்தை வயது வரும்போது சொல்லிக்கொள்ளலாம். அவள் கேட்டது ஒரே கேள்வி: "ஷீ பில்ட் த டெம்பிள், அண்ட் தே டோல்ட் ஹர் ஷீ கான்ட் ஸிங் தேர்?" பத்து வயதுக்கு அந்தப் பகுதிதான் ஆபாசமாகப் பட்டது.

ஒன்றரை மணி நேரமும் பேசி அங்கிள் அசையவில்லை. அவரை அசைத்தது உயில். நாகரத்தினம்மாள் தன் சொத்தை ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார், நிபந்தனைகளோடு. பெண்கள், தேவதாசி மரபுப் பெண்கள் உட்பட, சமாதியில் வழிபடவும் பாடவும் தடை இருக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. வார்த்தையை அவரே சொல்லி எழுதியிருக்கிறார். எங்கள் தொழிலில் திறந்த மூல உரிமம் என்று ஒன்று உண்டு. நான் எழுதியதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அடுத்தவருக்குக் கதவைச் சாத்தக் கூடாது என்று கட்டுப்படுத்தும் உரிமம். கணினியே வராத காலத்தில் அவர் காவிரிக்கரையில் அதைச் செய்துவிட்டார்.

இதைச் சொன்னதும் அங்கிள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் ஊரில் பாங்க்கில் வேலை பார்த்தவர், பத்திரம் உயில் என்றால் அவருக்குத் தனி மரியாதை.

"உயில்லயே எழுதியிருக்காங்களா?"

"ஆமா அங்கிள்."

"அப்ப நாம மாத்த முடியாதும்மா. அப்படியே போடு. உயில் விஷயத்தையும் சேர்த்துடு."

சேர்த்தேன். நான்கு வரி ஒன்பது வரியாயிற்று. ஸ்பான்சர்கள் பெயரைக் குறைக்க முடியாது என்பதால் எழுத்தின் அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று. நிகழ்ச்சி அன்று பாதிப் பேர் அந்தத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷம் இரண்டு பக்கமாகப் போடலாம் என்று பொருளாளர் சொல்லியிருக்கிறார்.